பச்சை வட்டமிட்ட விண்மீன்

எல்கி பள்ளத்தாக்கு
ஏப்ரல் 14, இரவு

சொலான்ஜ் அக்கா,

கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

சமையலறைக்குப் பின்னால் பூசணிக்காய் அடுக்கியிருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டார்ச்சை ஒரு காலி பால்மாவு டப்பாவுக்குள் நிறுத்தியிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா தூங்குகிறாள். அவள் இருமினால் நான் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன். இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது இன்னும் சட்டம்தான். உன்னைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால் "மத்தவ" என்பாள். "மத்தவ உன் வயசுல தட்டு கழுவிக்கிட்டே கணக்குப் போடுவா." அந்த ஒரு வகைப் பேச்சு மட்டும் சட்டத்தில் அடங்காது போலிருக்கிறது.

இரவானால் என் போன் அவள் தலையணைக்கு அடியில் போய்விடுகிறது. உன் எண்ணை அதில் தடுத்தும் வைத்திருக்கிறாள். அதனால்தான் ஆன்டோஃபகாஸ்டா பேருந்து ஓட்டுநர் தோன் எலேசாரிடம் இதைக் கொடுக்கப் போகிறேன்; பதிலையும் அவரிடமே கொடுத்தனுப்பு. நேற்றே கேட்டுப் பார்த்தேன். "உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை அடுப்புல வெச்சுடுவா. சரி, கொடு" என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளிக்கூடம் ஒரு கோளைக் கண்டுபிடித்திருக்கிறது. சிரிக்காதே.

மாடியில் சுரங்கக் கம்பெனி கொடுத்த தொலைநோக்கி இருக்கிறதே, அதில் ஒரு விண்மீனை ஒன்பது இரவு, இரவுக்கு ஒன்றரை மணி நேரம் படம் பிடித்தோம். மூன்று இரவுகளில் அதன் ஒளி நூற்றில் ஒரு பங்கு இறங்கி, மறுபடி ஏறியது. குறுக்கே ஒரு கோள் போகிறது என்கிறார் தலைமையாசிரியர் தோன் பெலார்மினோ. மே 13, சனிக்கிழமை, சதுக்கத்தில் மேடை போட்டு ஊருக்கு அறிவிக்கப் போகிறார். மேயர் அம்மாள் வருகிறார். கோளுக்குத் தன் அம்மாவின் பெயரை வைக்கப் போகிறாராம்: ஹெர்மினியா. அவருடைய அம்மா உயிரோடு இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் கோழியைத் திருடுவாள் என்று ஊருக்கே தெரியும். இப்போது வானத்தில் சுற்றப் போகிறாள்.

மேடையில் பேசப் போவது நான். தொலைநோக்கிக்குப் பக்கத்தில் குளிரில் உட்கார்ந்திருந்தது நான்தானே. பேசி முடித்தால் லா செரேனாவில் நல்ல பள்ளியில் விடுதியோடு இடம் வாங்கித் தருவதாகத் தலைமையாசிரியர் சொல்கிறார்.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. வரைபடம் போடும்போது, கோட்டுக்கு மேலே எழும்பியிருந்த புள்ளிகளையெல்லாம் அழிக்கச் சொன்னார். "நட்சத்திரம் சும்மா இருக்கும்போது பிரகாசமாகுமா? அது தொலைநோக்கி ஆட்டம். அழி" என்றார். கீழே இறங்கிய புள்ளிகள் மட்டும் ஏன் ஆட்டம் இல்லை என்று கேட்டேன். "உங்கக்காவா இருந்தா இந்நேரம் கட்டுரையே எழுதி முடிச்சிருப்பா" என்றார். அழித்துவிட்டேன்.

அது கோள்தானா? நீ வானியல் படித்தவள். சொல்.

யாஸ்னா


ஆன்டோஃபகாஸ்டா
ஏப்ரல் 20

யாஸ்னா,

நான்கு வருஷத்துக்குப் பிறகு என் தங்கையிடமிருந்து வரும் முதல் கடிதம், ஒரு கோழித் திருடிக்கு வானத்தில் இடம் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறது. நல்ல குடும்பம்.

ஒரு விண்மீன் மங்கியதும் கோள், கோள் என்று குதிப்பவர்களை இங்கே நாங்கள் மூட்டை மூட்டையாகப் பார்க்கிறோம். கால்பந்து மைதானத்து விளக்கின் முன்னால் ஒரு திராட்சை ஈ பறக்கிறது. நீ அடுத்த ஊர் மலையில் நின்றுகொண்டு விளக்கு மங்கிய அளவை வைத்து ஈயின் உடம்பை அளக்கிறாய். இதுதான் வேலை. விளக்கு மங்க ஆயிரம் காரணம் இருக்கும். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள் மறைத்துக்கொள்ளலாம். விண்மீனின் முகத்திலேயே கறை இருக்கலாம். உங்கள் தொலைநோக்கிக் கண்ணாடியைத் துடைக்காமல் விட்டிருக்கலாம். பெலார்மினோ துடைத்திருக்க மாட்டார், எனக்குத் தெரியும்.

மங்கல் உண்மையாகவே இருந்தாலும் அத்தோடு முடியாது. கோள் சுற்றினால் அது இழுக்கிற இழுப்பில் விண்மீனும் லேசாக முன்னும் பின்னும் ஆடும். ஒளியைப் பிரித்துப் பார்த்து அந்த ஆட்டத்தையும் பிடிக்க வேண்டும். அதற்குப் பெரிய மலையில் பெரிய தொலைநோக்கி வேண்டும். அதில் ஒரு இரவு கிடைக்க உலகமே வரிசையில் நிற்கிறது. நடுவில் உங்கள் மேயர் கேக் வெட்டுவார்.

உன்னால் முடிந்தது ஒன்று இருக்கிறது. உங்கள் விண்மீன் மங்கியது என்று எப்படித் தெரிந்தது? பக்கத்தில் ஓர் ஒப்பு விண்மீனை வைத்துத்தான் அளந்திருப்பீர்கள். மாறாமல் ஒரே அளவில் எரியும் என்று நம்பி, அதோடு ஒப்பிட்டு இது கூடியது, இது குறைந்தது என்று சொல்வீர்கள். அதே படங்களில் வேறு இரண்டு விண்மீன்களை எடுத்து, எல்லாவற்றையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார். அழித்த புள்ளிகளையும் திரும்பப் போடு. புள்ளியை அழிப்பவன் வானியலாளன் இல்லை, முடி திருத்துபவன்.

அம்மாவைப் பற்றி எதுவும் எழுதாதே.

சொலான்ஜ்


எல்கி பள்ளத்தாக்கு
ஏப்ரல் 28, இரவு

அக்கா,

அம்மாவைப் பற்றி எழுதத்தான் போகிறேன். எழுதாமல் இந்தக் கதை புரியாது.

நீ சொன்னதைச் செய்தேன். வேறு இரண்டு விண்மீன்களோடு ஒப்பிட்டால் எங்கள் விண்மீன் அசையவே இல்லை, இஸ்திரி போட்ட துணி மாதிரி தட்டையாக இருக்கிறது. ஒப்பு விண்மீன்தான் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. அது பிரகாசமாகும்போதெல்லாம் பக்கத்தில் சும்மா இருக்கும் எங்கள் விண்மீன் மங்கியதாகக் கணக்கு சொல்கிறது. அது மங்கும்போது எங்களுடையது எழும்புகிறது. அந்த எழும்பலைத்தான் என் கையால் அழித்தேன்.

கோள் இல்லை. ஈயும் இல்லை.

தோன் பெலார்மினோவிடம் போய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், வரைபடத்தை மட்டும் பார்க்கவில்லை. "மேடைக்கு ஆள் சொல்லியாச்சு. பாண்டு வாத்தியக்காரங்க வர்றாங்க. இப்ப வந்து கோள் இல்லைங்கிற?" என்றார். வரைபடத்தை அவர் பக்கம் தள்ளினேன். "உங்கம்மா இங்க சமையல்கட்டுல எத்தனை வருஷமா இருக்கா?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். "நல்ல சமையல்காரி. புது வருஷத்துல ஆள் குறைக்கச் சொல்லி மேல இருந்து கடிதம் வந்திருக்கு. நான் இன்னும் யார் பேரையும் எழுதலை" என்றார். அதன்பின் என் தலையைத் தடவினார். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. மேடைக்கான கேக்கை அவள்தான் சுடப் போகிறாள். நீல நிறத்தில், கோள் மாதிரி உருண்டையாக. எனக்கு ஒரு சட்டையும் தைக்கிறாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "மத்தவ மேடையேறினப்போ கால் நடுங்கவே இல்ல" என்கிறாள். என் கால் இப்போதே நடுங்குகிறது. நான் வாயைத் திறந்தால் அவளுக்கு வேலை போகும். திறக்காவிட்டால் ஊர் முழுவதற்கும் என் வாயால் பொய் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பாவைப் புதைத்த அன்று நீ வரவில்லை. மலையில் மூன்று இரவு கிடைத்திருக்கிறது, விட்டால் அடுத்த வருஷம்தான் என்று சொல்லி அனுப்பினாய். அந்த மூன்று இரவில் என்ன கண்டுபிடித்தாய்? இத்தனை நாளாக எங்காவது செய்தி வருமா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

யாஸ்னா


ஆன்டோஃபகாஸ்டா
மே 3

யாஸ்னா,

கணக்கு சரி. நீ மக்கு இல்லை என்பது ஒரு நிம்மதி.

இனி நான் சொல்வதைக் கேள். மேடையில் ஏறு. கோள் என்று சொல். சிரி. கேக்கைத் தின்னு. விடுதி இடத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கை விட்டு ஓடு. அடுத்த திராட்சை அறுவடைக்குள் ஹெர்மினியாவை ஒரு நாய்கூட நினைவில் வைத்திருக்காது. அங்கே இருப்பவர்களுக்கு வானம் என்பது சுற்றுலாப் பயணிகளிடம் விற்கிற சரக்கு. கல்லை விற்கிறார்கள், காற்றை விற்கிறார்கள், வேற்றுக்கிரகவாசி பொம்மை போட்ட பனியன் விற்கிறார்கள். இல்லாத கோள் ஒன்றை விற்றால் என்ன கெட்டுவிடும்? அவர்களுக்கு உண்மையைச் சொல்வது கோவேறு கழுதைக்கு நண்டு சூப்பு பரிமாறுவது மாதிரி.

இங்கே மட்டும் யோக்கியர்கள் இருப்பதாக நினைக்காதே. போன வாரம் ஒரு பேராசிரியர் தன் கோளை மற்றொருவர் திருடிவிட்டார் என்று சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை எறிந்தார். இரண்டு பேருடையதும் கோள் இல்லை, விண்மீனின் கறை.

ஒன்று மட்டும் சொல். ஏறி இறங்கும் விண்மீனைப் போய் எந்தக் கழுதை ஒப்புக்குத் தேர்ந்தெடுத்தது? பெலார்மினோவேதானே? விரிவாக எழுது. எனக்கு இந்த மாதம் சிரிக்க ஒன்றுமே கிடைக்கவில்லை.

சொலான்ஜ்


எல்கி பள்ளத்தாக்கு
மே 7, இரவு

அக்கா,

சிரி.

ஆய்வகச் சுவரில் வான வரைபடம் ஒன்று தொங்குகிறது. பிளாஸ்டிக் உறை போட்டது. அதில் ஒரு விண்மீனைச் சுற்றிப் பச்சை மையில் வட்டம். பக்கத்தில் சின்ன எழுத்தில் "இது அசையாது. சொ. பெரால்தா." பதினோரு வருஷத்துக்கு முன்னால், உனக்குப் பதினாறு வயதில் நீ எழுதியது. தோன் பெலார்மினோ தொலைநோக்கியைத் திறக்குமுன் அந்த வட்டத்தை விரலால் தொடுவார், மாதா படத்தைத் தொடுவது போல. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைக் காட்டி, "மலைக்குப் போன பொண்ணு போட்ட வட்டம்" என்பார். பதினோரு வருஷமாக அந்தப் பக்கத்து வானத்தில் இந்தப் பள்ளிக்கூடம் எதை அளந்தாலும் அதை வைத்துத்தான் அளக்கிறது. வீட்டில் என்னையும் அப்படித்தான் அளக்கிறார்கள்.

போன கடிதத்திலேயே எழுதியிருப்பேன். பயந்துவிட்டேன். உன்னைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. இந்த ஊரில் யாருக்குமே இல்லை. அம்மாகூட நீ கெட்டவள் என்றுதான் சொல்வாள். தப்பு செய்பவள் என்று சொல்ல மாட்டாள்.

இப்போது பழகிக்கொள்கிறேன். நான் பயத்தோடு உன்னிடம் வந்தேன். நீ அந்தப் பயத்துக்கு அளவெடுத்து நல்ல சட்டையாகத் தைத்துக் கொடுத்திருக்கிறாய். ஓடு என்கிறாய். நீ ஓடினாய். எங்களைக் கோவேறு கழுதை என்கிறாய். அந்தக் கழுதைகள்தான் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கின. ஒரு ஆள் குறைந்தபோது தோன் எலேசார் பேருந்தை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்தார். பயணிகள் எல்லாரும் இறங்கித் தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

மூன்று இரவைப் பற்றிக் கேட்டேன். நீ பதில் எழுதவில்லை. அழித்த புள்ளியைத் திரும்பப் போடு.

சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்.

யாஸ்னா


ஆன்டோஃபகாஸ்டா
மே 10

யாஸ்னா,

மேகம்.

மூன்று இரவும் மேகம். வருஷத்தில் முந்நூறு இரவு துடைத்து வைத்த மாதிரி இருக்கும் அந்த வானம், அந்த மூன்று நாளும் அழுக்குப் போர்வையாகக் கிடந்தது. தொலைநோக்கிக் கூண்டைத் திறக்கவே இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆறிய பயறு தின்றேன், கருவியைப் பற்றி இரண்டு ஜெர்மன்காரர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டேன். முதல் நாள் இரவே இறங்கியிருந்தால் புதைப்பதற்குள் வந்திருக்கலாம். விடிவதற்குள் விலகும், விடிவதற்குள் விலகும் என்று இருந்துவிட்டேன். ஒன்றுமே கிடைக்காமல் எந்த முகத்தோடு வருவது? கோள் ஏதாவது கிடைத்திருந்தால் அம்மாவின் முகத்தில் எறிந்திருப்பேன்.

அந்த விண்மீனை நான் இரண்டு இரவு பார்த்தேன். அரை மணி நேரம் வீதம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை அரை மணியில் பார்த்துவிட்டு "இது அசையாது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பெலார்மினோவுக்குக்கூட அந்தத் துணிச்சல் வராது.

ஒளி மாறும் விண்மீன்களின் பட்டியல்கள் எல்லாவற்றையும் தேடினேன். உன்னுடையது எதிலும் இல்லை. புதிது. அதனால் தலைகால் புரியாமல் ஆடாதே. இந்த மாதிரி விண்மீன் வானத்தில் லட்சக்கணக்கில் கிடக்கிறது, எந்த மேயரும் தன் அம்மாவின் பெயரை வைக்க மாட்டார். ஆனால் இது இருக்கிறது. அவர்களுடைய கோள்தான் இல்லை.

மேடையில் உண்மையைச் சொல். சொல்லும்போது என் பெயரைச் சொல், பெலார்மினோ பெயரை எடுக்காதே. வட்டம் போட்டவள் சொலான்ஜ் பெரால்தா, தப்பு அவளுடையது என்று சொல். பழியைத் தூக்கி என் தலையில் போட அந்த ஆள் துள்ளிக் குதிப்பார். எலிக்கு ஓடக் கதவு திறந்திருந்தால் கடிக்காது. அம்மாவின் வேலை தப்பும்.

கால் நடுங்கினால் நடுங்கட்டும். மேடையேறிய அன்று எனக்கும் நடுங்கியது. நீளப் பாவாடை தைத்திருந்தாள், அதனால் அவளுக்குத் தெரியவில்லை.

சொலான்ஜ்


எல்கி பள்ளத்தாக்கு
மே 16, பகல்

அக்கா,

அடுப்புக்குப் பக்கத்தில், மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டார்ச் இல்லை.

சனிக்கிழமை சதுக்கம் நிறைந்திருந்தது. பாண்டு வாத்தியம் முழங்கியது. கேக் மேடைக்குக் கீழே நீலமாக மின்னியது. மேயர் அம்மாள் தன் அம்மாவின் புகைப்படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தோன் பெலார்மினோ என்னைத் தோளில் கைவைத்து ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தினார். எழுதிக் கொடுத்த பேச்சு கையில் இருந்தது. எழுத்தே தெரியவில்லை.

"கோள் இல்லை" என்றேன்.

பின்வரிசையில் யாரோ, "என்னது, காணாப்போச்சா?" என்று கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கோபம் வந்து குரலும் வந்தது. ஒப்பு விண்மீன் ஏறி இறங்குவதைச் சொன்னேன். வட்டத்தைச் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன். மேயர் அம்மாள் புகைப்படத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, "அப்போ எங்கம்மா பேரு?" என்று கேட்டார். எங்கோ ஒரு கோழி கத்தியது, சத்தியமாக.

நீ சொன்ன மாதிரியே எலி கதவைப் பார்த்துப் பாய்ந்தது. தோன் பெலார்மினோ ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு, "கேட்டீங்களா! எல்லாம் அந்த சொலான்ஜ் பெரால்தா பண்ணின வேலை! நான் ஒரு பாவமும் அறியாதவன்!" என்று கத்தினார்.

நீயும் நானும் ஒன்றை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. கேக்குக்குப் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே மேடைக்கு வந்தாள். கேக் வெட்டும் கத்திதான். ஆனாலும் பாண்டு வாத்தியக்காரர்கள் வழிவிட்டார்கள். "யாரு பேரைச் சொன்னீங்க?" என்றாள். தோன் பெலார்மினோ கத்தியைப் பார்த்துக்கொண்டே ஒரு அடி பின்னால் போனார். "சொலான்ஜ்" என்று அவளே சொன்னாள். நான்கு வருஷத்தில் முதல் தடவை. "என் பொண்ணு சொலான்ஜ் பதினாறு வயசுல ஒரு வட்டம் போட்டா. சின்னப் பொண்ணு, தப்பாப் போட்டுட்டா. பதினோரு வருஷமா அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க தோன் பெலார்மினோ? மாடியில கொசு ஓட்டிக்கிட்டா? எந்தக் கத்தரிக்காய் அழுகல்னு நான் ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்த்துத்தான் பானையில போடுறேன்."

ஊர் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை.

பிறகு, "கோள் இல்லைன்னா கேக்கும் இல்ல" என்று சொல்லித் தட்டோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். மூன்று நாளாக ஹெர்மினியாவைத் தின்றுகொண்டிருக்கிறோம். இன்னும் பாதி கிடக்கிறது. தோன் எலேசாருக்கும் ஒரு துண்டு போகிறது.

விடுதி இடம் போய்விட்டது. தலைமையாசிரியர் என்னை விண்மீன் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார். நேற்றுக் காலை அம்மா எப்போதும் போலப் பள்ளிச் சமையலறைக்குள் போய் பயறை அடுப்பில் ஏற்றினாள். முந்நூறு பிள்ளைகள் தட்டோடு நிற்கும்போது அவளைப் போ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. புது வருஷத்தில் என்ன ஆகும் என்று தெரியாது. எனக்கு இன்னும் பயம்தான்.

ஆய்வகச் சாவியைத் திருப்பிக் கொடுக்குமுன் வரைபடத்தில் உன் வட்டத்துக்குப் பக்கத்தில், உறைக்கு மேலேயே, "அசைகிறது. யா. பெரால்தா" என்று எழுதிவிட்டு வந்தேன்.

உன் கடைசிக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சீமைமாதுளைப் பாகு கிண்டிக்கொண்டிருந்தாள். மேகம் என்ற இடம் வந்ததும் கரண்டி நின்றது. அடி பிடிக்கிற வாசனை வரும் வரை நின்றது. அப்புறம் மறுபடி கிண்ட ஆரம்பித்து, "எழுது" என்றாள். அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"மேகம்னா வேலை இல்லதானே? அப்போ இறங்கி வந்திருக்க வேண்டியதுதானே, கழுதை."

அவ்வளவுதானா என்று கேட்டேன். பாகைத் தட்டில் ஊற்றி, விளிம்பை விரலால் வழித்து நக்கிவிட்டுச் சொன்னாள்:

"இது இறுகுறதுக்குள்ள வரச் சொல்லு. ஆனா தின்ன தட்டை நான் கழுவ மாட்டேன். அவளே கழுவணும்னு எழுது."

யாஸ்னா